பசுக்கள் தின்ற ஃப்ரேம்: ஒரு ரயில் ஷாட்டுக்காக ஓராண்டு காத்திருந்த சத்யஜித் ரே

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வார விடுமுறை. ரயில்வே கேட் ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டு, கையில் மொபைலோடு நான்கைந்து இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். வந்தே பாரத் வரப்போகிறது. ரீல்ஸுக்கு ஒரு வீடியோ, வால்பேப்பருக்கு ஒரு போட்டோ. ரயில் வருகிறது, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. போனைத் திறந்து பார்த்தால் முன்பக்கம் முழுக்க இருட்டு, குறுக்கே ஒரு மின்கம்பம். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று கலைகிறார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே, விடுமுறை நாளில் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதை ஓரம் போய் நின்ற ஒருவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தார். அவருக்கும் முதல் முயற்சி சொதப்பியது. அடுத்த வாரம் போனபோது இடமே மாறிப்போயிருந்தது. அவர் ஓராண்டு காத்திருந்து அதே இடத்துக்குத் திரும்பப் போனார். அப்படி எடுத்த சில நிமிடக் காட்சி, உலக சினிமாவில் ரயில் என்றாலே நினைவுக்கு வரும் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

அவர் சத்யஜித் ரே. படம், பதேர் பாஞ்சாலி. ரயிலைப் படம் பிடிக்க ஓர் இடத்தை எப்படித் தேடுவது, எப்படிக் காத்திருப்பது என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த ரே?

1921 மே 2-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர். அதோடு, புகைப்படங்களை அச்சில் கொண்டுவரும் ஹாஃப்டோன் பிளாக் தொழில்நுட்பத்தில் இந்தியாவின் முன்னோடி. அப்பா சுகுமார் ராய், வங்காளக் குழந்தைகள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். மகனுக்கு இரண்டு வயது ஆனபோதே அவர் இறந்துபோனார். குடும்ப அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மா சுப்ரபா, உறவினர் வீட்டில் இருந்துகொண்டு மகனை வளர்த்தார்.

பிரசிடென்சி கல்லூரியில் படிப்பு. பிறகு, அம்மாவின் விருப்பத்துக்காக, தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியப் படிப்பு. அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு 1943-ல் கொல்கத்தாவில் இருந்த டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். ஜூனியர் விஷுவலைசர் வேலை, மாதச் சம்பளம் 80 ரூபாய். இன்றைய மொழியில் சொன்னால், ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஒரு கிராஃபிக் டிசைனர்.

வேலை நேரம் போக சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகள் வரைந்து கொடுத்தார். ஜவாஹர்லால் நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா', ஜிம் கார்பெட்டின் 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவோன்' ஆகியவற்றுக்கு அங்கே அட்டை வடிவமைத்தவர் இவர்தான். அதே பதிப்பகம் பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது, படம் வரையும் வேலையும் ரேவிடம் வந்தது.

அந்த வேலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். படம் வரைவதற்காகக் கதையைப் படித்தவருக்கு, அது சினிமாவாகவே கண்ணில் ஓட ஆரம்பித்துவிட்டது.

லொகேஷன் பார்ப்பதை எங்கே கற்றார்?

ரேவுக்கு சினிமாப் பள்ளி கிடையாது. 1947-ல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். படம் பார்ப்பது, அதைப் பற்றிப் பேசுவது, எழுதுவது. அதுதான் பள்ளி.

1949-ல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவா, 'தி ரிவர்' படத்துக்கு இடம் பார்க்க கொல்கத்தா வந்தார். ஆபீஸ் இல்லாத நாட்களில் ரே அவரோடு கிளம்பிவிடுவார். கிராமங்கள், ஆற்றங்கரைகள், வாழைத் தோப்புகள் என்று சுற்றினார்கள். தினமும் பார்க்கும் குளமும் குடிசையும் ஒரு வெளிநாட்டுக்காரரின் கண்ணில் எப்படி ஃப்ரேமாக மாறுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தார். ஒரு லொகேஷனில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே முக்கியம் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

அதே ஆண்டு பிஜயாவோடு திருமணம். 1950-ல் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. தங்கியிருந்த சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்துத் தள்ளினார். அதில் ஒன்று, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ஸ்டூடியோ இல்லை, நட்சத்திரங்கள் இல்லை, தெருவில் இறங்கி எடுத்த படம். நம்மாலும் இப்படி எடுக்க முடியும் என்ற உறுதி அவருக்கு அந்தத் தியேட்டரில் வந்தது. ஊர் திரும்பும் கப்பலிலேயே பதேர் பாஞ்சாலிக்கான காட்சிகளைத் திட்டமிட ஆரம்பித்துவிட்டார்.

நாவலில் இல்லாத ரயில்

பதேர் பாஞ்சாலி ஓர் ஏழைப் பூசாரி குடும்பத்தின் கதை. அக்கா துர்கா, தம்பி அப்பு. இருவருக்கும் ரயில் என்றால் கனவு. ராத்திரியில் எங்கோ தூரத்தில் விசில் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பாதை எங்கே போகிறது, அந்த ரயிலில் யார் போகிறார்கள் என்பது தெரியாது.

நாவலில் அந்த இருவரும் சேர்ந்து ரயிலைப் பார்ப்பதே இல்லை. துர்கா அந்த ஆசையோடே இறந்துபோகிறாள். ரே இதை மாற்றினார். படத்தில் இருவரும் வீட்டிலிருந்து வெகுதூரம் ஓடுகிறார்கள். ஆள் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் காஷ் புல்வெளிக்குள் நுழைகிறார்கள். நம்மூர் ஆற்றங்கரை நாணல் மாதிரியான புல் அது. அங்கே ரயில் வருகிறது.

ஏன் இந்த மாற்றம்? எழுத்தில் ஏக்கத்தைச் சொல்லிவிடலாம். சினிமாவில் அதைக் காட்டியாக வேண்டும். கிராமத்தின் பச்சைக்கும் அமைதிக்கும் நடுவே கறுப்பாக, சத்தமாக, வேகமாக வேறொரு உலகம் குறுக்கே போக வேண்டும். அந்த ஒரு ஷாட் சரியாக அமைந்தால், அப்பு ஒருநாள் ஊரைவிட்டுப் போவான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடலாம்.

ஆக, ரேவுக்குத் தேவைப்பட்ட இடத்துக்கு மூன்று நிபந்தனைகள். ரயில் பாதை இருக்க வேண்டும். அதை ஒட்டி காஷ் புல்வெளி இருக்க வேண்டும். நவீன உலகத்தின் கட்டடம் எதுவும் கண்ணில் படக்கூடாது.

பால்சித்தில் முதல் நாள்

தேடித் தேடிக் கிடைத்த இடம் பால்சித். கொல்கத்தாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், ஹவுராவிலிருந்து பர்த்வான் போகும் பாதையில் உள்ள சின்ன ஊர். தண்டவாளத்தை ஒட்டியே புல்வெளி. அதுவும் காஷ் பூக்கும் இலையுதிர்காலம்.

1952 அக்டோபர் 27. படத்தின் முதல் நாள் படப்பிடிப்பே இந்தக் காட்சிதான். குழுவில் கிட்டத்தட்ட எல்லோரும் புதியவர்கள். இயக்குநர் அதுவரை ஒரு ஷாட்கூட எடுத்ததில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இருபதுகளின் தொடக்க வயது. ஸ்டில் போட்டோ எடுத்த பழக்கம் உண்டு, மூவி கேமராவை இயக்கியது கிடையாது. கேமரா வாடகைக்கு எடுத்தது.

அப்புவாக நடித்த சிறுவன் சுபீர் பானர்ஜி, புல்வெளிக்குள் அக்காவைத் தேடியபடி நடந்து வர வேண்டும். பார்த்தால் சாதாரண ஷாட். ஆனால் பையன் அணிவகுப்பில் நடப்பதுபோல நேராக விறைப்பாக நடந்தான். ரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் நடக்கும் வழியில் சின்னச் சின்னக் குச்சிகளைப் போட்டார். அவற்றைத் தாண்டுவதற்காகக் கால் தயங்கும். புல்லுக்குள் இங்கொருவர் அங்கொருவராக ஆட்களை ஒளித்துவைத்து, ஒவ்வொருவராக அவனைக் கூப்பிடச் சொன்னார். தலை தானாகத் திரும்பும். தேடுகிற பையன் தயார்.

அன்றைக்குப் பாதிக் காட்சி முடிந்தது. மீதியை அடுத்த விடுமுறையில் எடுக்கலாம் என்று கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் வந்தால், பூ இல்லை. புல்வெளி மொட்டையாகக் கிடந்தது. இடையில் வந்த மாடுகள் காஷ் புல்லை மேய்ந்துவிட்டிருந்தன.

வேறொரு புல்வெளியில் எடுத்து ஒட்டியிருக்கலாம். பூ இல்லாமலே ரயிலை மட்டும் எடுத்திருக்கலாம். முதல் படம், கையில் காசு இல்லை, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ரே அந்தச் சமரசத்தைச் செய்யவில்லை. அடுத்த பூக்கும் பருவம் வரை அந்தக் காட்சியைத் தள்ளிவைத்தார். அதாவது, ஓராண்டு.

ஒரு ரயில் போதவில்லை

அடுத்த பருவத்தில் மறுபடி பால்சித். இந்தமுறை குழு முழுத் தயாரிப்போடு போனது.

திரையில் பார்க்கும்போது ஒரே ரயில் வந்து, கடந்து, மறைவதுபோல இருக்கும். உண்மையில் அது ஒரு ரயில் அல்ல. தூரத்தில் புகை தெரிவது ஒரு ஷாட். பிள்ளைகள் ஓடுவது இன்னொன்று. பாதைக்கு மறுபக்கம் கேமராவை வைத்து, ஓடும் சக்கரங்களுக்கு இடையில் அப்புவைக் காட்டுவது வேறொன்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவை இடம் மாற்ற வேண்டும். அதற்குள் ரயில் போய்விடும். அதனால் பகல் முழுக்க அந்தப் பாதையில் வரும் ரயில்களின் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ரயில்களில் ஒவ்வொரு துண்டாக எடுத்தார்கள். எல்லாம் ஒரே திசையில் வரும் ரயில்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

புகைக்கும் ஏற்பாடு இருந்தது. வெள்ளைப் பூக்களுக்குப் பின்னால் கறுப்புப் புகை வேண்டும். நீராவி எஞ்சின் எப்போதும் கறுப்பாகப் புகை விடாது. புதிதாக நிலக்கரியை அள்ளிப் போடும்போதுதான் அடர்த்தியாகக் கிளம்பும். எனவே குழுவில் ஒருவர் முந்தைய ஸ்டேஷனிலேயே எஞ்சினில் ஏறிக்கொண்டார். கேமரா இருக்கும் இடத்தை ரயில் நெருங்கும்போது நிலக்கரி போட வைப்பது அவர் வேலை.

சத்தத்தையும் ரே விடவில்லை. ரயில் வருவதற்கு முன்பு கம்பத்தில் காதை வைத்துப் பிள்ளைகள் ரீங்காரம் கேட்கிறார்கள். பார்ப்பவருக்கும் காது தீட்டப்பட்டுவிடுகிறது. பிறகுதான் ரயில்.

இன்னொரு விஷயத்தைக் கவனித்தால் ரேவின் துணிச்சல் புரியும். ஓடும்போது துர்கா தடுக்கி விழுந்துவிடுகிறாள். பாதை வரை போய்ச் சேர்வது அப்பு மட்டும்தான். ரயில் யாரைக் கூட்டிக்கொண்டு போகும், யாரை விட்டுவிட்டுப் போகும் என்பதை அந்த ஒரு தடுமாற்றம் முன்பே சொல்லிவிடுகிறது.

நகை, பாலிசி, இசைத்தட்டு

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருந்தது. தயாரிப்பாளர்கள் கைவிரித்தார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, தெரிந்த முகம் இல்லை, மழையில் நனைந்து எடுக்கப்போகிறார்களாம் என்றால் யார் பணம் போடுவார்கள்? ரே தன் இன்சூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளையும் புத்தகங்களையும் விற்றார். பிஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அப்படியும் மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது.

ஆபத்து பணத்தில் மட்டும் இல்லை. வளரும் பிள்ளைகள் நடிக்கும் படம். இடைவெளி நீண்டால் பையனின் குரல் உடையும், பெண் உயரமாகிவிடுவாள். பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு எண்பது வயது. எந்த நாளும் எல்லாம் கைவிட்டுப் போகலாம் என்ற பயத்தோடுதான் ரே தினமும் ஆபீஸ் போய் விளம்பரம் வரைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. முதல்வர் பிதான் சந்திர ராய் படத்தைப் பார்த்துச் சம்மதித்தார். படத்தின் பெயரில் பாதை என்ற பொருள் வருவதால், அரசுக் கணக்கில் அது சாலை மேம்பாட்டுக்குள் சேர்க்கப்பட்டதாகச் சொல்வது உண்டு.

வெளிநாட்டுக் கதவைத் திறந்ததிலும் அந்த ரயிலுக்குப் பங்கு இருந்தது. 1954-ல் ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் தன் படத்துக்கு இடம் பார்க்க இந்தியா வந்தார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ரேவின் படத்தில் ஆர்வம் காட்டியிருந்த நேரம் அது. முடியாத படத்தின் சில பகுதிகளை ரே ஹூஸ்டனுக்குப் போட்டுக் காட்டினார். அதில் இந்த ரயில் காட்சி இருந்தது. ஹூஸ்டன் நல்ல வார்த்தை சொன்னார். அருங்காட்சியகத்தின் ஆதரவு உறுதியானது.

1955 மே மாதம் நியூயார்க்கில் முதல் திரையிடல். ஆகஸ்ட் 26-ல் கொல்கத்தாவில் வெளியீடு. 1956 கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு. அதற்குப் பிறகே ரே விளம்பர வேலையை முழுதாக விட்டார்.

ரயில் அவரை விடவில்லை

அப்பு வளர வளர, ரயிலும் அவன் கூடவே வந்தது. 1956-ல் வந்த 'அபராஜிதோ', காசி பாலத்தைக் கடக்கும் ரயிலில் இருந்து தொடங்குகிறது. அதில் அப்பு படிக்க நகரத்துக்குப் போய்விட, அம்மா கிராமத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தூரத்தில் போகும் ரயிலைப் பார்க்கிறாள். பால்சித்தில் அதிசயமாக இருந்த ரயில் இங்கே பிரிவாக மாறிவிட்டது. வேலைக்காக ஊரைவிட்டு வந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காட்சி உறுத்தும். அந்தப் படத்துக்கு 1957 வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தது.

1959-ல் 'அபுர் சன்சார்'. சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் இருவருக்கும் முதல் படம். அப்புவின் மாடி அறை ரயில் பாதைக்குப் பக்கத்தில். விசில் சத்தம் இப்போது தொல்லை, காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. மூன்று படங்களில் ஒரே ரயில், மூன்று அர்த்தம்.

1966-ல் 'நாயக்'. உத்தம் குமார் நடித்த இந்தப் படம் கிட்டத்தட்ட முழுக்க கொல்கத்தாவிலிருந்து டெல்லி போகும் ரயிலுக்குள் நடக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி நிஜமல்ல. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவில் கட்டிய செட். 1974-ல் 'சோனார் கெல்லா'. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒட்டகத்தில் ஏறி, நீராவி ரயிலைத் துரத்தும் ஃபெலுதாவை வங்காளக் குழந்தைகள் இன்னும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் அவர் கேமரா வந்தது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி 1976-ல் 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

1992 மார்ச்சில் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டபோது ரே கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். விருதை அங்கேயே பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு பாரத ரத்னா. ஏப்ரல் 23-ல் இறந்தார்.

காட்பாடி முதல் ஜோலார்பேட்டை வரை: என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பால்சித் கதையை வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்ப்பது சுலபம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே இந்தப் பக்கம்தான் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. இன்று காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் இந்தப் பாதையில் பெங்களூரு ரயில்களும் கோவை, கேரள ரயில்களும் சேர்ந்தே ஓடுகின்றன. ரயிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், நல்ல இடத்துக்குத்தான்.

முதலில் சூரியன். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை பாதை பெரும்பாலும் தென்மேற்காகப் போகிறது. காலையில் வெளிச்சம் கிழக்கிலிருந்து வருவதால், சென்னை நோக்கிப் போகும் ரயிலின் முகத்தில் வெளிச்சம் விழும். மாலையில் ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலுக்கு அந்த யோகம். காலையில் தென்கிழக்குப் பக்கம் நிற்பதும் மாலையில் எதிர்ப்பக்கம் நிற்பதும் பொதுவாகப் பலன் தரும். முன்பக்கம் இருட்டாக வருகிறது என்றால், பெரும்பாலும் தப்பு போனில் இல்லை, நின்ற பக்கத்தில்.

இரண்டாவது, பின்னணி. தென்கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர், ஜோலார்பேட்டை பக்கம் ஏலகிரி. மலை பின்னால் வர வேண்டும் என்றால் பாதைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டு வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் மேப் எல்லாவற்றையும் சொல்லாது. மின்கம்பம் எங்கே மறைக்கிறது, சீமைக் கருவேலம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். கேமரா இல்லாமல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதும் வேலைதான்.

மூன்றாவது, நேரம். ரே கையில் இருந்தது ரயில் நேரப் பட்டியல். இப்போது ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியே சொல்லிவிடும். வந்தே பாரத் வரும்வரை காத்திருந்து முதல்முறை கேமராவைத் தூக்குவதைவிட, அதற்கு முன்பு வரும் ஒரு பாசஞ்சரையோ சரக்கு ரயிலையோ வைத்து ஃப்ரேமைச் சரிபார்த்துவிடலாம். பல ரயில்களை வைத்து ஒரு காட்சியை உருவாக்கியவர் காட்டிய வழி இது.

நான்காவது, பருவம். ஒரே இடம் கோடையில் வெறும் மண்ணாகவும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பச்சையாகவும் இருக்கும். கிடைக்காத ஃப்ரேமுக்காக அடுத்த பருவம் வரை காத்திருப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் ரேவைப் பின்பற்றக் கூடாது. அவர் எடுத்தது நீராவிக் காலம், மெதுவாக வந்த ரயில்கள். இன்றைய மின்சார ரயில் சத்தமே இல்லாமல் நெருங்கிவிடும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். செல்ஃபி ஸ்டிக்கோ கேமரா கம்பமோ அதைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே உயிர் போகும். அனுமதி இல்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாலை மேம்பாலம், கேட்டுக்கு வெளியே இருக்கும் பொதுச் சாலை, வயலின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு நிற்கும் வரப்பு. நல்ல ஸ்பாட் என்பது இவற்றுக்குள்தான் இருக்கிறது. போனை ஜூம் செய்துகொள்ளலாம், காலை நகர்த்த வேண்டாம்.

எரிந்தும் மிஞ்சிய ரயில்

ரே இறந்த மறு ஆண்டு, 1993-ல், லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் தீ விபத்து. பாதுகாப்புப் பணிக்காக அங்கே வைத்திருந்த அப்பு படங்களின் அசல் நெகட்டிவ்கள் எரிந்தும் கருகியும் போயின. அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கருகிய சுருள்களை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கும் ஆய்வகத்தில், நொறுங்கிப்போகும் நிலையில் இருந்த அந்தச் சுருள்களை நிபுணர்கள் கையாலேயே பிரித்து, ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். மீட்க முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைப் பயன்படுத்தினார்கள். 2015-ல் மூன்று படங்களும் 4கே தரத்தில் திரும்பி வந்தன. முதல் திரையிடல் நடந்த அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில்.

நீராவி எஞ்சின்கள் போய்விட்டன. பால்சித் வழியாக இப்போது மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மாடு மேய்ந்து, பணம் தீர்ந்து, தீயில் கருகி, ஒவ்வொரு முறையும் தப்பித்த அந்தச் சில நிமிடங்களில் மட்டும் வெள்ளைப் பூக்களுக்கு மேலே கறுப்புப் புகை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் கேட்டில் ஷாட் சொதப்பினால், கோபப்படாமல் அடுத்த ரயிலின் நேரத்தைப் பார்க்கலாம்.